செம்புக் கம்பியிலிருந்து இணையவழி அழைப்புக்கு: ஒரு மருந்து மொத்த விற்பனை நிலையத்தின் நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் உள்ள ஒரு மருந்து மொத்த விற்பனை நிலையம், பல ஆண்டுகளாக நம்பியிருந்த நான்கு தரைவழித் தொலைபேசி இணைப்புகளையும், இன்டர்காம் பெட்டி என்று எல்லோரும் சொல்லும் இ.பி.ஏ.பி.எக்ஸ். கருவியையும் விட்டுவிட்டு, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் இணையவழி அழைப்புக்கு மாறியது. அந்த மாற்றத்தைத் திட்டமிட்டு நிறுவியவன் நான். என்ன செய்தோம், எங்கே தவறினோம், தவறியதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை, இதே முடிவின் வாசலில் நிற்கும் சிறு வணிகர்களுக்கும் அவர்களுக்கு வேலை செய்து தரும் வலையமைப்புத் தொழில்நுட்பர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் சேவை தந்த நிறுவனங்களின் பெயர்களையும் குறிப்பிடவில்லை.

பாபநாசம், சுவாமிமலை, நாச்சியார்கோவில், வலங்கைமான், திருப்பனந்தாள் என்று சுற்றுவட்டார ஊர்களின் மருந்துக் கடைகளுக்கு இந்நிலையம் நாள்தோறும் சரக்கு அனுப்புகிறது. காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை கடைக்காரர்கள் அழைத்து ஆர்டர் சொல்வார்கள். சொன்ன சரக்கு பிற்பகல் 2 மணி வேனில் ஏறியாக வேண்டும். ஆர்டர்களில் ஒரு பகுதி வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கி வெகுநாளாகிறது. ஆனாலும் ஒரு கம்பெனியின் மாத்திரை இல்லையென்றால் அதே மருந்து வேறு எந்தக் கம்பெனியில் கிடைக்கும், எத்தனை அட்டை இருக்கிறது, காலாவதித் தேதி எப்போது என்று உடனே தெரிந்தாக வேண்டிய கடைக்காரர் இன்றும் தொலைபேசியைத்தான் எடுக்கிறார், ஏனென்றால் நோயாளி அவருடைய கடை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் இணைப்பு கிடைக்காதவர் அடுத்த ஸ்டாக்கிஸ்ட்டை அழைத்துவிடுவார்.

2022ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் நான்கு இணைப்புகளில் இரண்டு கரகரக்கத் தொடங்கின. தெருவுக்கடியில் ஓடும் கம்பி வடத்தின் இணைப்பு முடிச்சுகளில் தண்ணீர் இறங்கினால் இப்படித்தான் ஆகும். காய்ந்ததும் சரியாகிவிடும், அடுத்த மழையில் மீண்டும் வரும். அதே பருவத்தில் ஒரு மின்னலில் இன்டர்காம் பெட்டியின் இணைப்பு அட்டை ஒன்று கருகியது. அந்த அட்டையைத் தயாரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. பழைய சாமான் கடைகளில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்துப் பொருத்தினார்கள். அதுவும் பொங்கல் வரைதான் தாங்கியது. மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இடமில்லாமல் போனது அப்போதுதான்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரலை இணையத்தில் அனுப்பும் வேலை எங்களுக்குப் பெரிய சிரமம் தரவில்லை. பழைய கம்பி யாரும் கேட்காமலே சில பொறுப்புகளைச் சுமந்துகொண்டிருந்தது. கம்பி போனதும் அவை ஒவ்வொன்றாக எங்கள் கையில் வந்து விழுந்தன. இந்த ஆய்வில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பொறுப்புகளை நான் முன்பே எண்ணிப் பார்க்காததால் வந்தவை.

எண்

முதலாளி முதல் நாளே வைத்த நிபந்தனை ஒன்றுதான்: “தம்பி, எது மாறினாலும் நம்பர் மாறக் கூடாது.” 0435 என்று தொடங்கும் அந்த எண் பில் புத்தகத்தில் இருந்தது, வேன் கதவில் இருந்தது, நூற்றுக்கு மேற்பட்ட மருந்துக் கடைகளின் சுவரில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்தியா முழுவதும் இருப்பதால், தரைவழி எண்ணுக்கும் அது இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு நிறுவனத்தின் தரைவழி எண்ணை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே, விளம்பரத்தைப் பார்த்துப் புதிய இணையத் தொலைபேசிச் சேவையை வாங்கிவிட்டுப் பழைய இணைப்பை ஒப்படைப்பவர், எண்ணையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறார்.

எங்களுக்கு இருந்த வழி, அதே நிறுவனத்தின் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறி, எண்ணை அதன்மேல் ஏற்றிக்கொள்வது. அப்படிச் செய்தால், இழையில் வரும் ஒளியைத் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஏற்றபடி மாற்றித் தரக் கட்டடத்துக்குள் வைக்கும் ஓ.என்.டி. பெட்டியின் தொலைபேசித் துளையில் பழைய எண் கிடைக்கும். பிரதான எண்ணையும் இரண்டாம் எண்ணையும் இப்படிக் காப்பாற்றிக்கொண்டோம். யாரும் அழைக்காத மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம். இத்துடன், உரிமம் பெற்ற இன்னொரு நிறுவனத்திடம் ஒரே நேரத்தில் ஆறு அழைப்புகளைத் தாங்கும் சிப் டிரங்க், அதாவது இணையம் வழியாக வரும் தொலைபேசி இணைப்பு, ஒன்று வாங்கினோம். பிரதான எண் பிஸியாக இருந்தால் அழைப்பு தானாகவே டிரங்க் எண்ணுக்குத் திரும்பும்படி, எண்ணை வைத்திருக்கும் நிறுவனத்திடமே ஏற்பாடு செய்துகொண்டோம். கடைக்காரருக்கு இவை எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் பழைய எண்ணையே அழுத்துகிறார்.

உரிமம் என்ற சொல்லை வெறுமனே சேர்க்கவில்லை. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் இணையத் தொலைபேசி குறுகிய எல்லைக்குள் அனுமதிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஜூனில் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட நெறிமுறைகளுக்குப் பிறகுதான், உரிமம் பெற்ற நிறுவனங்கள் சாதாரணத் தொலைபேசி எண்களோடு இணைந்த இணையவழிச் சேவையைத் தாராளமாகத் தரத் தொடங்கின. மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டுச் சேவை ஒன்றை வாங்கி, அதை இங்குள்ள தொலைபேசி வலையமைப்போடு தானாகவே பிணைப்பது சட்டவிரோதம். அந்த வழியைச் சொல்லித்தருகிறவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அழைப்புகளை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் வேலைக்கு, ஒரு சிறு கணினியில் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளை நிறுவினேன். அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் 1999இல் தம் சிறு நிறுவனத்துக்கு ஓர் இணைப்பகம் வாங்கப் பணம் போதாமல் தாமே எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. பிறந்த காரணமே சிறு வணிகத்தின் தேவை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. 12 மேசைகளுக்கும் ஐ.பி. போன்கள் வைத்தோம். ஓ.என்.டி.யிலிருந்து வரும் இரண்டு பழைய எண்களும் சாதாரணத் தொலைபேசி இணைப்பை இணையவழிக்கு மாற்றித் தரும் எஃப்.எக்ஸ்.ஓ. கேட்வே என்ற சிறு பெட்டி வழியாக ஆஸ்டெரிஸ்க்குக்குள் வந்தன.

எண்களை அழுத்தும் முறையிலும் கவனிக்க வேண்டியவை இருந்தன. 2021ஆம் ஆண்டு ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும்; பணியாளர்கள் பத்து இலக்கத்தை மட்டும் அழுத்தினாலும் ஆஸ்டெரிஸ்க்கே 0 சேர்க்கும்படி விதி எழுதினேன். 108, 112 ஆகிய அவசர எண்கள் டிரங்க் வழியாகப் போகாமல் பழைய எண்ணின் வழியாகவே போகும்படி செய்தேன். டிரங்க் நிறுவனத்தின் கருவிகள் வேறொரு நகரத்தில் இருக்கலாம். கும்பகோணத்தில் மயங்கி விழுந்தவருக்கான அழைப்பு அங்கிருந்து கிளம்புவதாகப் பதிவாகிவிடக் கூடாது.

குரலின் அகலம்

இணையம் தாங்குமா என்பது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஜி.711 என்ற குறியாக்கம் குரலை விநாடிக்கு 64,000 பிட்டுகளாக மாற்றுகிறது. அதை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 160 பைட். முகவரித் தலைப்புகள் 40 பைட். இரண்டும் சேர்ந்தது ஒரு பொட்டலம்; விநாடிக்கு 50 பொட்டலம். வலைக் கம்பியில் அனுப்ப அதன்மேல் சுற்றும் ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 87 கிலோபிட் அளவில் வரும். ஆறு அழைப்புகள் ஒன்றாக நடந்தாலும் ஒரு மெகாபிட்டில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 100 மெகாபிட் இழை இணைப்புக்கு அது ஒரு சுமையே இல்லை.

ஜி.729 என்ற குறியாக்கம் குரலை விநாடிக்கு 8,000 பிட்டுகளாகச் சுருக்கிவிடும். அதைப் பயன்படுத்தலாமே என்று டிரங்க் நிறுவனம் சொன்னது. நான் மறுத்தேன். தொலைபேசிக் குரல் ஏற்கெனவே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடைக்கப்பட்ட குரல். ‘ஸ’வையும் ‘ஃப’வையும் வேறுபடுத்திக் காட்டும் ஒலிச் சக்தியின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. மருந்துப் பெயர்களோ ஒன்றைப் போல இன்னொன்று ஒலிப்பவை. செஃபிக்ஸிமும் செஃபுராக்ஸிமும் வேறு; இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்ஸிசினும் முற்றிலும் வேறு. ஏற்கெனவே குறுகிய குரலை மேலும் நசுக்கி, சில கிலோபிட்டுகளை மிச்சம் பிடிப்பது இந்தத் தொழிலுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. மளிகை மொத்த வியாபாரம் என்றால் வேறு விதமாகக்கூட முடிவு செய்திருப்பேன்.

அகலம் போதுமானதாக இருந்தும், இரண்டாம் நாள் காலை 11 மணிக்கு எல்லா அழைப்புகளிலும் குரல் அறுந்து அறுந்து வந்தது. பில்லிங் மென்பொருள் அந்த நேரத்தில்தான் தன் தரவை இணையக் கிடங்குக்கு நகலெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. கண்காணிப்பு கேமராக்களின் பதிவுகளும் அதே வழியாக மேலேறிக்கொண்டிருந்தன. கோப்புப் பொட்டலங்கள் ரவுட்டரின் வாசலில் நீண்ட வரிசையில் நிற்க, குரல் பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது. குரல் ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை தரும் அளவு. அந்தக் காலையில் நாங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தோம். ரவுட்டரில் மேலேற்ற வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி, வரிசை நம் கைக்குள்ளேயே உருவாகும்படி செய்து, அதில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. வேகமான திட்டத்துக்கு மாறும்படி அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள். மாறியிருந்தால் பணம் போயிருக்கும், வரிசை அப்படியே இருந்திருக்கும்.

32 விநாடி

இந்த மாற்றத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது, அழைப்புகள் நடுவில் அறுந்தது. பிரதான எண்ணுக்கு நேராக வந்த அழைப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரங்குக்குத் திரும்பி வந்தவை மட்டும் பேச்சின் நடுவே நின்றன. கடைக்காரர் மூன்றாவது மருந்தைச் சொல்லி முடிக்குமுன் இணைப்பு போய்விடும். அவர் மறுபடி அழைத்துக் கோபப்படுவார். இணையம் சரியில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். உண்மையைக் கண்டுபிடித்தது கணக்குப் பிரிவில் இருந்த ஓர் இளம் பணியாளர். “அண்ணே, எல்லாமே 32ல தான் கட் ஆகுது” என்று அவர் போன் திரையில் ஓடும் நேரத்தைக் காட்டினார். இணையம் சரியில்லையென்றால் அழைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்திருக்கும். ஒவ்வொரு முறையும் சரியாக 32 விநாடியில் அறுந்தால், யாரோ கடிகாரம் பார்த்து அறுக்கிறார்கள் என்று பொருள்.

அறுத்தது எங்கள் ஆஸ்டெரிஸ்க் பெட்டியேதான். அழைப்பு வரும்போது நம் பெட்டி ‘எடுத்துவிட்டேன்’ என்று 200 என எண்ணிட்ட பதிலை அனுப்புகிறது. அது கிடைத்ததற்கான ஒப்புதலை எதிர்முனை திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் நம் பெட்டி அதே பதிலை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். 2002இல் வெளிவந்த, இணையவழி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் சிப் நெறிமுறையை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 3261 ஆவணம் அரை விநாடியை அடிப்படை அலகாகக் கொண்டு, அதன் 64 மடங்கு நேரம் காத்திருந்த பின் அழைப்பை முடித்துவிடச் சொல்கிறது. அதுதான் 32 விநாடி. குரல் தனிப் பாதையில் போவதால் அதுவரை இருவரும் பேசிக்கொண்டிருக்க முடிகிறது. பேசுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு ஒப்புதல் தொலைந்துபோயிருப்பது தெரிவதில்லை.

ஒப்புதல் ஏன் தொலைந்தது? நம் பெட்டி அனுப்பிய பதிலுக்குள் ‘என்னை இங்கே தொடர்புகொள்’ என்று 192.168 எனத் தொடங்கும் உள்முகவரி எழுதப்பட்டிருந்தது. அது கட்டடத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரி. வெளியிலிருந்து அந்த முகவரிக்கு அனுப்பிய ஒப்புதல் எங்கும் போய்ச் சேராது. இதைச் சரிசெய்வதற்கென்றே ரவுட்டர்களில் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதி இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ரவுட்டர்களில் அது உதவியதைவிடக் கெடுத்ததே அதிகம். இங்கும் அது சில இடங்களில் முகவரியை மாற்றி, சில இடங்களில் மாற்றாமல் விட்டிருந்தது. அதை அணைத்து, வெளிமுகவரியை ஆஸ்டெரிஸ்க்கிடமே சொல்லி, ரவுட்டர் பாதையை மூடிவிடாதபடி 30 விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்பும்படி அமைத்தேன். அதற்குப் பிறகு ஓர் அழைப்பும் அப்படி அறுந்ததில்லை. இரண்டு நாள் ஆர்டர் குழப்பத்துக்கு நானே பொறுப்பு: சோதனையின்போது நான் பேசிப் பார்த்த அழைப்புகள் அனைத்தும் ‘ஹலோ, கேட்கிறதா’ அளவில் முடிந்தவை. ஐந்து நிமிடம் பேசிப் பார்த்திருந்தால் முதல் நாளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறு பழைய எண்களில் வந்தது. அழைத்தவர் வைத்துவிட்ட பிறகும் சில சமயம் எங்கள் பக்கத்து இணைப்பு விடுபடாமல் பல நிமிடம் பிடிபட்டே கிடந்தது. அடுத்து அழைத்தவருக்கு பிஸி ஒலி. எதிர்முனை வைத்துவிட்டது என்பதை எஃப்.எக்ஸ்.ஓ. கேட்வே ஒலியைக் கேட்டுத்தான் அறிந்துகொள்கிறது. இந்தியாவில் பிஸி ஒலி 400 ஹெர்ட்ஸில் முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி ஓயும். கேட்வே வாங்கி வந்த நிலையில் அமெரிக்க ஒலியை, அதாவது 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து அரை விநாடி ஒலித்து அரை விநாடி ஓயும் ஒலியை, எதிர்பார்த்துக் காத்திருந்தது. அதன் காதுக்கு நம் ஒலி பொருளற்ற இரைச்சல். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு அமைப்பை மாற்றியதும் சரியானது.

மின்சாரம்

செம்புக் கம்பி இணைப்பில் தொலைபேசி இயங்குவதற்கான மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே கம்பி வழியாக வருகிறது. அங்கே பெரிய பேட்டரிகள் 48 வோல்ட் அளவில் அதை ஊட்டிக்கொண்டிருக்கின்றன; பேட்டரிக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. ஊரே இருண்டாலும் தொலைபேசி ஒலித்ததற்கு அதுவே காரணம். கண்ணாடி இழை ஒளியைச் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது.

மாறிய பிறகு தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஓ.என்.டி.யும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட், ஆஸ்டெரிஸ்க் கணினியும் கேட்வேயும் 25, வலைக் கம்பி வழியாகவே போன்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சும் 12 போன்களும் 50. மொத்தம் 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. மின்மாற்று இழப்பையும், பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதையும் கழித்தால் சுமார் 1,000 கிடைக்கும். அதாவது 10 மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரையிலான மின்நிறுத்தத்தைத் தாண்ட அது போதும் என்று முடிவு செய்து, தொலைபேசிக்கென்றே தனி இன்வெர்ட்டர் வைத்தோம். நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது குளிர்சாதன அறைக்காக இருந்தது, அதன் சுமையில் வேறு எதையும் சேர்க்க முதலாளி விரும்பவில்லை. அவர் சொன்னது சரி.

ஜூலை மாத மின்நிறுத்தம்தான் முதல் தேர்வு. மின்சாரம் போன கணத்தில் 12 போன்களும் அணைந்து மீண்டும் உயிர்பெற்றன, ஓ.என்.டி. முழுமையாக எழுந்து வர மூன்று நிமிடம் ஆனது. இன்வெர்ட்டரின் பின்புறம் இருக்கும் சிறு விசை சாதாரண நிலையில் இருந்ததே காரணம். மின்விசிறிக்கும் விளக்கிற்கும் அந்த மாறுதல் நேரம் தெரியாது. கணினிச் சாதனங்களுக்கு அது நீண்ட இடைவெளி. விசையை யு.பி.எஸ். நிலைக்குத் தள்ளியதும் மாறுதல் உணரப்படாமல் நடந்தது. இந்த விசை இருப்பதே தெரியாமல் புதிய யு.பி.எஸ். வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அன்றைக்கே, 11 மணிக்குச் சற்று முன், எங்கள் சாதனங்கள் எல்லாம் எரிந்துகொண்டிருக்க, இழை இணைப்பு செத்துப்போனது. இழையின் மறுமுனை இரண்டு தெரு தள்ளி சேவை நிறுவனத்தின் உள்ளூர்ப் பங்காளர் ஒருவரின் அறையில் இருக்கும் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்த பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. நம் கூரைக்குக் கீழே இருப்பதற்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது என்று அப்போது தெரிந்தது. 4ஜி சிம் போடும் ரவுட்டர் ஒன்றைச் சேர்த்து, இழை போனால் டிரங்க் அதன் வழியாக மறுபடி பதிவுசெய்துகொள்ளும்படி அமைத்தோம். ஓ.என்.டி. இணைப்பில் இல்லாதபோதும் பழைய எண்ணுக்கான அழைப்பு டிரங்குக்குத் திரும்பும்படி நிறுவனத்திடம் இரண்டாவது ஏற்பாடு ஒன்றும் கேட்டு வாங்கினோம். 4ஜியில் குரல் இழையில் வருவது போலச் சீராக இல்லை; ஆர்டர் எடுக்கப் போதுமானது.

எச்சரிக்கைக் கருவி

இன்சுலினும் சில தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்சாதன அறையின் வெப்பநிலை எல்லை தாண்டினால் முதலாளியின் கைப்பேசியைத் தானாக அழைத்துப் பதிவுசெய்த குரலை ஒலிக்கும் கருவி ஒன்று அந்த அறையின் வெளிச்சுவரில் இருந்தது. அது மூன்றாவது தொலைபேசிக் கம்பியோடு இணையாகச் செருகப்பட்டிருந்தது. மூன்றாவது எண்ணை யாரும் அழைப்பதில்லை என்பதால் நாங்கள் விட்டுவிட்ட எண்களில் அதுவும் ஒன்று.

நிலையத்தின் மருந்தாளுநரான அக்கா ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி உணரியை அறைக்கு வெளியே எடுத்து வைத்துக் கருவி அழைக்கிறதா என்று பார்ப்பார். ஜூலை 1 அன்று அழைப்பு வரவில்லை. அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டு அப்போது ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து இரவுகள் அந்த அறை கேட்பாரற்று இருந்திருக்கிறது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பதிவேட்டில் வெப்பநிலை எல்லைக்குள்தான் இருந்தது. ஆனாலும் அது எங்கள் திறமையால் நேர்ந்த நன்மை இல்லை. மாற்றத்துக்கு முன் நான் மேசைகளில் இருந்த போன்களை எண்ணினேன். பழைய இன்டர்காம் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு கம்பியும் எங்கே போய் முடிகிறது என்று நடந்து பார்க்கவில்லை. அரை நாள் வேலை அது.

பிரிட்டனில் இதே தவறு பெரிய அளவில் நேர்ந்தது. அங்கே பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரோடு மூடுவதாக இருந்தார்கள். முதியவர்கள் கழுத்தில் அணிந்து ஆபத்தில் அழுத்தும் உதவிப் பொத்தான் கருவிகள் பல, இணையவழி இணைப்புக்கு மாற்றப்பட்ட வீடுகளில் வேலை செய்யாமல் போன நிகழ்வுகள் 2023இல் வெளிவந்தன. ஒப்புதலின்றி இணைப்பை மாற்றுவதை நிறுவனங்கள் நிறுத்திவைத்தன, மூடும் நாள் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஒரு நாட்டுக்கும் ஒரு கிடங்குக்கும் அளவில்தான் வேறுபாடு. மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, திருட்டு எச்சரிக்கை மணி, பழைய ஃபேக்ஸ் என்று எது அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் அதைப் பொருத்தியவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எங்கள் கருவிக்குப் பதிலாகத் தன் சொந்த பேட்டரியும் சிம் அட்டையும் உள்ள கருவி ஒன்றை அன்று மாலைக்குள் வாங்கிப் பொருத்தினோம்.

கதவைத் தட்டுபவர்கள்

டிரங்க் செயல்பட்ட முதல் இரவிலேயே பதிவேட்டில் அறிமுகமில்லாத முகவரிகளிலிருந்து 100, 101, 102 என்று மேசைப் போன்களுக்கான உள்ளெண்களை வரிசையாக முயன்று பார்க்கும் செய்திகள் வந்து விழுந்திருந்தன. இணையத்தில் சிப் செய்திகள் வந்து சேரும் 5060 என்ற வாசலைத் திறந்து வைத்த எவருக்கும் இது நேரும். உள்ளெண் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்திருந்தால், விடியுமுன் அந்தப் பெட்டி வழியாக வெளிநாட்டு உயர்கட்டண எண்களுக்கு அழைப்புகள் பறந்து, கட்டணம் நம் பெயரில் வந்திருக்கும். டிரங்க் நிறுவனத்தின் முகவரிகளைத் தவிர மற்ற அனைத்துக்கும் வாசலை மூடினேன். கடவுச்சொற்களை நீளமாகவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலும் வைத்தேன். வெளிநாட்டு அழைப்பை நிறுவனத்தின் பக்கத்திலேயே தடைசெய்யச் சொன்னேன். முதலாளி தம் கைப்பேசியில் உள்ளெண் வேண்டும் என்று கேட்டபோது வாசலைத் திறந்துவிடாமல், வயர்கார்டு வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகவே அதைக் கொடுத்தேன். பழைய இன்டர்காம் பெட்டியிலிருந்து அழைப்பைத் திருட ஒருவர் கட்டடத்துக்குள் வர வேண்டியிருந்தது. புதியதற்கு அவர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

மிச்சமும் பயனும்

பணம் மிச்சமாகும் என்று சொல்லி இந்த மாற்றத்தை யாரிடமும் விற்கக் கூடாது என்பது என் கருத்து. இந்தியாவில் உள்நாட்டு அழைப்புக் கட்டணம் முன்பே மிகவும் இறங்கிவிட்டது. மாதக் கட்டணத்தில் குறைந்த தொகையை வைத்துப் போன்கள், சுவிட்ச், இன்வெர்ட்டர், 4ஜி ரவுட்டர் ஆகியவற்றின் செலவை ஈடுகட்ட இரண்டு ஆண்டுக்கு மேலாகும் என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

பயன் வேறிடத்தில் வந்தது. முன்பு நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாவது கடைக்காரருக்கு பிஸி ஒலி மட்டுமே கிடைத்தது. அவர் அழைத்தது யாருக்கும் தெரியாது. இப்போது அவர் வரிசையில் காத்திருக்கிறார், காத்திருக்கப் பொறுமையின்றி வைத்துவிட்டாலும் அவருடைய எண் தவறிய அழைப்புகளின் பட்டியலில் நிற்கிறது, 12 மணிக்குள் ஒருவர் திரும்ப அழைத்துவிடுகிறார். அழைப்புகள் பதிவுசெய்யப்படுவதை வரவேற்புக் குரலிலேயே சொல்லிவிடுகிறோம். 500 மில்லிகிராம் கேட்டேனா 850 கேட்டேனா என்ற வழக்கு வந்தால் இருவரும் பதிவைக் கேட்டுக்கொள்கிறார்கள். பதிவு சில சமயம் கடைக்காரர் பக்கம் நிற்கிறது, சில சமயம் எங்கள் பக்கம். முன்பு அந்த இழப்பைப் பெரும்பாலும் நிலையமே ஏற்றுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் முதல், 1ஆம் தேதிச் சோதனை சற்று நீண்டிருக்கிறது. மருந்தாளுநர் அக்கா காலை கடை திறந்ததும் வெப்பநிலை உணரியை வெளியே வைத்து, சிம் கருவி முதலாளியை அழைக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். பிறகு தொலைபேசிச் சாதனங்களின் பிரதான மின்செருகியை உருவிவிட்டு, ஓ.என்.டி.யிலிருந்து இழையையும் கழற்றி, தம் கைப்பேசியிலிருந்து 0435 எண்ணை அழைத்து, மணி ஒலிப்பதைக் கேட்டு, ஐந்து நிமிடம் இணைப்பை வைக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடம் கழித்து எல்லாவற்றையும் பழையபடி செருகிவிட்டு, குளிர்சாதன அறைப் பதிவேட்டின் அதே பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுகிறார்.